எந்தத் தெருவில் இறங்குவது? – டெல்டாவில் ஒரு கள ஆய்வுப் பயிற்சி குறித்து

தஞ்சாவூரை ஒட்டி வாரயிறுதிகளில் நடத்தப்படும் ஒரு சமூகக் கள ஆய்வுப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். பாதி வகுப்பறையிலும் பாதி கிராமத்திலுமாக நடக்கும் இந்தப் பயிற்சி, சமூகப்பணி படிக்கும் முதுகலை மாணவர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள், மாவட்டச் செய்தியாளர்கள் ஆகியோருக்காக வடிவமைக்கப்பட்டது. குறைகளையும் விரிவாகச் சொல்ல இருப்பதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்க்கிறேன். இதிலோ இதுபோன்ற வேறொரு வகுப்பிலோ சேர நினைப்பவர்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவினால் போதும்.

முதலில் பாராட்டப்பட வேண்டியவை கோட்பாட்டு வகுப்புகள். கல்லூரிகளில் சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ், டர்க்ஹைம், வெபர் என்று வரிசையாகக் குறிப்புகள் கொடுத்துவிட்டு, ஆய்வுமுறைகளை வேறொரு தாளில் தனியாக நடத்துவதே வழக்கம். இரண்டுக்கும் என்ன உறவு என்பது மாணவருக்குக் கடைசி வரை பிடிபடுவதில்லை. இங்கே ஐரோப்பாவிலிருந்து தொடங்காமல் காவிரிப் படுகையிலேயே நடந்த ஆய்வுகளிலிருந்து தொடங்குகிறார்கள். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய கிராமக் கணக்கெடுப்பில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பாலக்குறிச்சி இடம்பெற்றது. 1930-களில் அதே கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் மீண்டும் சென்றார்கள். 1950-களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சாவூர்ப் பகுதியிலும் நாகப்பட்டினப் பகுதியிலுமாக இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து, 1976-இல் திரும்பவும் வந்து பார்த்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் 'ஸ்ரீபுரம்' என்று தாம் மாற்றுப்பெயர் சூட்டிய ஊரில் தங்கி எழுதிய ஆய்வு 1965-இல் நூலாயிற்று. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் பேருந்தில் போகிற வழியில் நாம் கடந்துபோகும் ஊர்களைப் போன்றவையே உலகச் சமூகவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கின்றன என்பது எங்கள் குழுவில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

கோட்பாட்டைக் கேள்வியாக மாற்றிக் காட்டிய விதம் இன்னும் நன்றாக இருந்தது. பண்ணையாளுக்கு, அதாவது ஒரு நிலக்காரரிடமே நிரந்தரமாக வேலை செய்தவருக்கு, நெல்லாகக் கூலி அளந்த பழைய ஏற்பாட்டை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டார்கள். நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது, கண்டுமுதலில் (அறுவடையில் கிடைத்த நெல்லில்) மிச்சம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் அது மார்க்ஸ் வழி. பொங்கலுக்கு வேட்டி கொடுப்பது, கோயில் திருவிழாவில் இன்னாருக்கு இன்ன பங்கு என்று வைத்திருப்பது போன்ற ஏற்பாடுகள் எந்தப் பிணைப்பைக் காப்பாற்றுகின்றன, அது தளரும்போது என்ன நிகழ்கிறது என்று கேட்டால் டர்க்ஹைம் வழி. செல்வம் ஒருவரிடமும் மதிப்பு வேறொருவரிடமும் அதிகாரம் மூன்றாமவரிடமும் இருக்க முடியுமா என்று கேட்டால் வெபர் வழி. பெத்தேய் இந்த மூன்றாவது வழியில் போனவர். ஒரு காலத்தில் நிலமும் சாதி மதிப்பும் ஊர் அதிகாரமும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன. பிராமணக் குடும்பங்கள் படிப்புக்கும் வேலைக்கும் நகரங்களுக்குப் பெயர்ந்து நிலத்தை விற்கத் தொடங்கியதாலும், ஊராட்சியும் கட்சி அரசியலும் பிற சாதியினருக்கு வழி திறந்ததாலும் அந்த மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கின என்பது அவருடைய வாதத்தின் சாரம். கஃபோ நில உறவுகளையும் வர்க்கத்தையும் மையத்தில் வைத்தவர். ஏறக்குறைய ஒரே காலத்து டெல்டாவை இருவர் பார்த்து இரண்டு விதமான சித்திரங்களைத் தர முடிந்தது எப்படி என்ற விவாதம் ஒரு பிற்பகல் முழுவதும் நீண்டது.

கீழ்வெண்மணி பற்றிய அமர்வைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட அந்தக் கொடுமையைக் கூலித் தகராறு என்று மட்டும் வகைப்படுத்துவதும் சாதி வன்முறை என்று மட்டும் வகைப்படுத்துவதும் எதை எதை மறைத்துவிடுகின்றன என்பதை, விவசாயத் தொழிலாளர் பிரச்சினைகளை ஆராய அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையத்தையும் அதைத் தொடர்ந்து 1969-இல் வந்த நியாயக் கூலிச் சட்டத்தையும் முன்னிறுத்திப் பேசினார்கள். கூலி உயர்வு கேட்டவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதால் வர்க்கத்தையும் சாதியையும் வெட்டிப் பிரிக்க முடியாத இடம் அது. குரலை உயர்த்தாமல், ஆனால் எதையும் மழுப்பாமல் நடத்தினார்கள். இதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆய்வுமுறை வகுப்புகளில் வினாப்படிவம் தயாரிக்கும் பகுதி மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நிலத்தின் அளவை ஏக்கரில் கேட்டிருந்த எங்கள் படிவத்தைப் பார்த்ததுமே பயிற்றுநர் நிறுத்தச் சொன்னார். டெல்டாவில் விவசாயி மனத்துக்குள் கணக்கு வைத்திருப்பது மாவில். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; ஏறத்தாழ 3 மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஏக்கரில் கேட்டால் அவர் தலைக்குள் வகுத்து, தோராயமாக ஒன்றைச் சொல்வார். அந்தத் தோராயம் நம் அட்டவணையில் துல்லியமான எண்ணாக ஏறிவிடும். ஆகவே மாவில் கேட்டு மாவிலேயே எழுதிக்கொண்டு, ஏக்கராக மாற்றும் வேலையை நாம் செய்ய வேண்டும். விளைச்சலும் இப்படித்தான். விவசாயிகள் பேச்சில் மூட்டை என்றால் பெரும்பாலும் 60 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோச் சிப்பம். எந்த மூட்டை என்று கேட்காமல் எழுதிக்கொண்டு வந்தால் விளைச்சல் ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ மாறிப்போகும். கணினியில் எவ்வளவு நுட்பமான புள்ளியியல் சோதனை செய்தாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது.

'குடும்பம்' எது என்பதையும் இதே கவனத்தோடு கற்றுக்கொடுத்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொதுவான சமையலில் சேர்ந்து உண்பவர்களை ஒரு குடும்பமாக எடுத்துக்கொள்கிறது. நாங்கள் போன ஊரில் ஒரே ஓட்டு வீட்டுக்குள் அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனி அடுப்பு. ரேஷன் அட்டையோ தாயின் பெயரில் ஒன்றுதான். அட்டையைப் பார்த்து எழுதினால் ஒரு குடும்பம், அடுப்பைப் பார்த்து எழுதினால் இரண்டு. அந்தத் தாய் ஒரு வாரம் மூத்த மகனிடமும் மறு வாரம் இளையவனிடமும் சாப்பிடுகிறார் என்றால் அவரை எதில் சேர்ப்பது? இதற்குச் சரியான விடை ஒன்று இருப்பதாகப் பயிற்றுநர்கள் பாசாங்கு செய்யவில்லை. ஒரு விதியை முடிவு செய்து, எல்லா வீட்டுக்கும் அதையே கடைப்பிடித்து, அந்த விதியை அறிக்கையில் எழுத வேண்டும் என்று சொன்னார்கள்.

களத்தில் நான் கண்டவற்றில் மனத்தில் நிற்பது ஓர் அம்மாவிடம் நடந்த நேர்காணல். அறுபதைக் கடந்தவர். எங்கள் குழு மாணவி படிவத்தில் இருந்தபடியே, "நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். "வேலையெல்லாம் இல்லம்மா, வீட்டுலதான் இருக்கேன்" என்றார் அவர். மாணவி 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் குறியிடப் போனார். அப்போது பயிற்றுநர் குறுக்கிட்டு, "நேத்து காலைல எழுந்ததுலேருந்து படுக்கப்போற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்கம்மா" என்றார். விடியலுக்கு முன் வாசல் தெளித்துக் கோலமிட்டது, பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்கியது, நாற்றுப் பறிக்கப் போனது, மதியம் திரும்பிவந்து ஆட்டை வாய்க்கால் கரைக்கு ஓட்டிப்போனது, சாயங்காலம் வரப்பில் புல் அறுத்துக் கட்டி வந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நகக்கண்ணில் நாற்றங்கால் சேறு காயாமல் இருந்தது. ஒரே பெண், ஒரே நாள். ஒரு கேள்வியில் வேலையற்றவர், இன்னொரு கேள்வியில் விடியல் தொட்டு உழைப்பவர். பெண்களின் உழைப்பு கணக்கில் விடுபடுவதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அது விடுபடும் கணத்தை அன்று கண்ணெதிரே பார்த்தேன். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதுபோல நாளின் பொழுதுகளைக் கேட்டுப் பதிவதே என்று பிறகு வகுப்பில் விளக்கியபோது, அந்த முறையின் தேவையை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது குறைக்கு வருகிறேன். வகுப்பறையில் எங்களுக்கு அழுத்தமாகச் சொல்லப்பட்ட பாடங்களில் ஒன்று, ஆய்வாளர் எங்கே தங்குகிறார் என்பது அவருக்கு என்ன தெரியவரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பது. பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனாலேயே ஆதிதிராவிடர் தெருவோடு நெருங்கிப் பழகுவது தமக்குக் கடினமாக இருந்ததை அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். இதை ஒரு வகுப்பு முழுவதும் பேசிவிட்டு, அடுத்த வாரம் எங்களைக் களத்துக்கு அழைத்துப்போன வேன், ஊரின் பெரிய நிலக்காரர் ஒருவரின் வீட்டு வாசலில் போய் நின்றது. காலைக் காபியும் மதியச் சாப்பாடும் அங்கேதான் ஏற்பாடாகியிருந்தன. அவர் அன்போடு உபசரித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுக் காலனித் தெருவுக்குள் நாங்கள் நுழைந்தபோது, நாங்கள் யார் வீட்டிலிருந்து வருகிறோம் என்ற செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. குத்தகை பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்று ஒரே மாதிரி பதில். கூலி பற்றிக் கேட்டபோது ஒருவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கு முன், எங்களுக்கு வழிகாட்ட அந்த வீட்டிலிருந்து உடன் வந்தவரின் முகத்தைப் பார்த்தார். அன்று நிரப்பிய படிவங்களை நான் நம்பவில்லை.

வருகைக்குத் தேர்ந்தெடுத்த நேரமும் பொருத்தமில்லை. நடவு நடந்துகொண்டிருந்த வாரத்தில், காலை பத்து மணிக்கு மேல் ஊருக்குள் போனால் அங்கே இருப்பவர்கள் யார்? முதியவர்கள், கடைக்காரர்கள், உட்கார்ந்து பேச நேரம் வாய்த்த ஆண்கள். வயலில் இருக்கும் பெண்கள் திரும்பும்போது நாங்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தோம். மேலே சொன்ன அம்மாவைச் சந்திக்க முடிந்ததே வரப்போரம் அவர் எதிர்ப்பட்டதால்தான்.

இதை நாங்கள் மாலைக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னோம். பயிற்றுநர்கள் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த முறை குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் காலனித் தெருவின் சமுதாயக் கூடத்தில் இரவு தங்கவைத்தார்கள். நான் அதில் இருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவிளக்கடியில் தொடங்கிய பேச்சில் நடவுக் கூலி, ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசும் குழுக்கள், மேற்கு வங்கத்திலிருந்து வந்து நடவு செய்துவிட்டுப் போகும் தொழிலாளர்கள், குத்தகைக்கு எழுத்து மூலம் எதுவும் இல்லாததால் வெள்ள நிவாரணம் நிலத்தின் உரிமையாளர் பெயருக்கே போய்விடும் நிலை என்று எல்லாம் வெளியே வந்தன. இரண்டு குழுக்களின் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது ஒரே ஊரைப் பற்றியவை என்று நம்புவது கடினமாக இருந்தது. இந்த ஒப்பீட்டைப் பயிற்சியின் நிரந்தரப் பகுதியாகவே திட்டமிட்டு வைக்கலாம். எங்கள் குழுவுக்கு அது நாங்கள் கேட்டதால் கிடைத்தது. கேட்காத குழுவுக்கு என்ன கிடைக்கும் என்பது என் கவலை.

ஊரில் யார் யாரிடம் கேள்வி கேட்பது என்பதை முடிவு செய்யும் மாதிரித் தெரிவு வகுப்பு மிகவும் சுருங்கிவிட்டது. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கலாம் என்று சொல்லிக் கடந்துவிட்டார்கள். திருப்பூரிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும், ஆள் ஊரில் இருக்க மாட்டார். மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் ஊரில் இருப்பார், பட்டியலில் இருக்க மாட்டார். தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவிலும் வீடு வீடாக நாமே பட்டியலிட்ட பிறகு அதிலிருந்து தெரிவு செய்வதே இங்கே பொருந்தும். இதற்கு இன்னும் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

நேர்காணல்களைப் பேச்சுவழக்கிலேயே எழுதி வைக்கச் சொன்னது, குறிப்புகளை அன்றிரவே முடிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது, ஒலிப்பதிவுக்கு முன் சம்மதம் கேட்பதை ஒவ்வொருவரையும் செய்து காட்ட வைத்தது ஆகியவை நல்ல பழக்கங்கள். வாசிப்புக் கட்டு முழுவதும் ஆங்கில நகல்களாக இருந்தது. ஊராட்சிப் பள்ளியில் படித்து வந்த மாணவர்கள், வகுப்பில் சரளமாக விவாதித்தவர்கள், அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் தருவது நடத்துபவர்களால் முடியாத காரியம் அல்ல.

கட்டணம் நியாயமானது, மாணவர்களுக்குப் பாதி. முனைவர் பட்ட ஆய்வில் களப்பணிக்கு முன்னால் இருப்பவர்களும், திட்ட மதிப்பீட்டுக்காகப் படிவங்களோடு ஊர் ஊராகச் செல்லும் தொண்டு நிறுவன ஊழியர்களும் தயங்காமல் சேரலாம். புள்ளியியலை மட்டும் கற்க வருபவர்களுக்கு இது ஏற்றதல்ல. சேருவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தொலைபேசியில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: களப்பயணத்தில் இரவுத் தங்கல் உண்டா, தங்கல் எந்தத் தெருவில். தேதியைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் நடக்கும் குழுவில் இடம் கேளுங்கள். அப்போது வயல் வேலை குறைந்து, வீட்டில் பெண்களையும் சந்திக்க முடியும்.