ஏற்காட்டு மிளகுக்கு எந்தச் சான்றிதழ்: பி.ஜி.எஸ்.ஸா, என்.பி.ஓ.பி.யா?

சேர்வராயன் மலையில் காபியும் மிளகும் இயற்கை முறையில் விளைவிக்கிறவர்களுக்குச் சான்றிதழ் என்றாலே இந்தக் குழப்பம்தான் முதலில் வரும்.

பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாத முறை) மத்திய வேளாண் அமைச்சகத்தின் திட்டம். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுவார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். வெளியாள் கண்ணில் படாதது பக்கத்துத் தோட்டக்காரர் கண்ணில் படும்: ஷெட் மூலையில் மடித்துவைத்த யூரியா சாக்கு, மேட்டுத் தோட்டத்திலிருந்து மழைத்தண்ணீரோடு இறங்கும் களைக்கொல்லி. சரிவு நிலத்தில் இது பெரிய விஷயம். மேல் எல்லையில் வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்களா, தடுப்புச் செடி நட்டிருக்கிறீர்களா என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் மாற்றுக் காலத்தில் 'கிரீன்' முத்திரை, முழுதாக மாறியதும் 'ஆர்கானிக்'. செலவும் குறைவு.

என்.பி.ஓ.பி.யை (தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம்) மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபீடா நடத்துகிறது. இதில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ஆய்வாளர் வந்து பார்ப்பார். காபி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாற்றுக் காலம் பொதுவாக 3 ஆண்டு. கட்டணம் உண்டு, ஆவண வேலையும் அதிகம். ஆனால் இயற்கை விளைபொருள் என்று சொல்லி ஏற்றுமதி செய்ய பி.ஜி.எஸ். போதாது, இது வேண்டும்.

சேலம் கடைகளிலும் ஏற்காடு வரும் சுற்றுலாப் பயணிகளிடமும் விற்கிறவர்களுக்கு என் பரிந்துரை பி.ஜி.எஸ்.தான். ஏற்றுமதியாளர் யாராவது உறுதியாகக் கேட்டால் மட்டும் என்.பி.ஓ.பி.க்குப் போகலாம். அப்புறம், எதை எடுத்தாலும் வாங்கிய இடுபொருளுக்கு ரசீதும், தெளித்த தேதிக்கு ஒரு நோட்டும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.