காரைக்குடியில "பர்மா ஈயக்கல்"னு பெட்டியைத் திறந்து காட்டுனா கொஞ்சம் யோசிங்க

பன்னெண்டு வருசமா கல்லு சேக்குறேன், எனக்கே இப்படின்னா புதுசா சேக்குற பசங்க கதி என்னன்னு தான் வெக்கத்தை விட்டு இதை எழுதுறேன்.

பர்மாவுல ஷான் மாநிலத்துல, நாம்டு பக்கம் பாட்வின்னு ஒரு பழைய ஈயச் சுரங்கம் இருக்கு. சீனாக்காரங்க பல நூறு வருசம் முன்னாடியே அங்க வெள்ளிக்காகத் தோண்டி, வெள்ளியை மட்டும் எடுத்துக்கிட்டு ஈயக் கசடை குமிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்க, 1900க்கு அப்புறம் வந்த வெள்ளைக்காரக் கம்பெனி முதல்ல அந்தக் கசடைத் தான் உருக்குச்சு. பின்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஆன ஹூவர், மைனிங் இன்ஜினியரா இருந்தப்ப அதுல பங்கு வச்சிருந்தாரு. ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துடணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா அங்க நடக்குற சண்டைல எங்க போறது.

அந்த ஆசை தான் என்னைக் கவுத்துச்சு. பழைய சாமான் விக்கிற தெருவுல ஒரு கடை (எல்லாக் கடையையும் சொல்லல, நல்லவுகளும் இருக்காக). நான் கல்லு கேக்குறவன்னு தெரிஞ்சதும் உள்ள போய் ஒரு தேக்குப் பெட்டியை எடுத்துட்டு வந்தாரு. "அண்ணே, இது ஒரு செட்டியார் வீட்ல பாகம் பிரிச்சப்ப வந்தது, அவுக ஐயா ரங்கூன் கிட்டங்கில இருந்தவுக, ஜப்பான்காரன் வந்தப்ப நடந்தே ஊருக்கு வந்தாக, அப்பக் கூட இதை விடலண்ணே"ன்னாரு. உசுரைக் காப்பாத்த காடு மலைன்னு நடந்து வர்றவரு அரைக் கிலோவுக்கு மேல இருக்குற கல்லையா தூக்கிட்டு வருவாருன்னு அப்ப தோணல பாருங்க. உள்ள பளபளன்னு கலீனா, அதான் ஈயக்கல், க்யூப் க்யூப்பா, கூடவே பழுப்பேறுன லேபிள்: பாட்வின் மைன்ஸ், 1938, கீழ காரைக்குடி அட்ரஸ். 9,000 சொன்னாரு, 6,500க்கு முடிச்சேன். பில் கேட்டதுக்கு துண்டுச் சீட்டுல "பழைய கல் 1"னு எழுதிக் குடுத்தாரு, ஜிபேல பேரு வேற யார் பேரோ காட்டுச்சு.

வீட்டுக்கு வந்து கிச்சன் தராசுல போட்டா 640 கிராம். அப்புறம் தண்ணிப் பாத்திரத்தைத் தராசுல வச்சு, கல்லை நூல்ல கட்டி அடில இடிக்காம தொங்க விட்டா 168 கிராம் கூடுச்சு. வகுத்தா 3.8, அதாவது தண்ணியை விட அத்தனை மடங்கு தான் கனம். கலீனாவுக்கு ஏழரை வரணும், அவரு முழுக்க ஈயக்கல்னு சொல்லித் தான் வித்தாரு. சந்தேகம் வந்து வீட்டுக்காரம்மாவோட நெயில் பாலிஷ் ரிமூவரை, அசிட்டோன் உள்ளது, ஒரு கிண்ணத்துல ஊத்தி ராத்திரி ஊறப் போட்டேன். காலைல க்யூப் எல்லாம் தனித்தனியா கிண்ணத்தோட அடில கிடக்கு, மேல பூசியிருந்த பொடியும் கழண்டு, உள்ள என்னன்னு பாத்தா ரோட்டுக்குப் போடுற கருங்கல் ஜல்லி. ஃபெவிக்விக் மாதிரி ஏதோ போட்டு ஒட்டியிருக்கான்.

கலீனாவைச் சுத்தியல்ல தட்டுனாலே சதுரம் சதுரமாத் தான் உடையும், அதனால பெருசா வேலை ஒண்ணும் இல்ல. கல்லு எங்க கிடைச்சிருக்கும்னு கூட்டாளிகிட்ட கேட்டேன், நாட்டு மருந்துக் கடைல அஞ்சனக்கல், சுர்மாக்கல்னு விக்கிறதுல பாதி இது தானேன்னு சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரல, அந்தப் பொடி ஈயம், முந்தின நாள் என் பொண்ணு அதைத் தொட்டுப் பாத்துட்டு கையைக் கழுவாமயே முறுக்கு தின்னுச்சு. காசு போனதை விட அது தான் இன்னமும் உறுத்துது.

லேபிளை அப்புறம் தான் ஒழுங்காப் படிச்சேன். 1938ல எழுதுன அட்ரஸ்ல 630001னு பின்கோடு! பின்கோடு வந்ததே 1972ல.

கொண்டு போய்க் கேட்டேன். "பழசுன்னு தானண்ணே சொன்னேன், கல்லு எப்பவும் பழசு தானே"ன்னாரு. நான் சும்மா வந்திருக்கலாம், கோவத்துல அந்தப் பின்கோடு விசயத்தையும் நாலு பேரு கேக்கச் சொல்லிட்டேன். காசு வரல.

போன வாரம் அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். கண்ணாடி அலமாரில அதே மாதிரி ரெண்டு தேக்குப் பெட்டி, அதே பாட்வின், அதே 1938. பின்கோடு மட்டும் இல்ல.