லெக்சஸ் இஎஸ் 300எச்: மைலேஜ் சொல்வதும் கொடுப்பதும்

அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த இந்த ஹைப்ரிட் காருக்கு நகரம், நெடுஞ்சாலை இரண்டும் சேர்த்து லிட்டருக்கு சுமார் 18.7 கி.மீ. இவ்வளவு பெரிய செடானுக்கு இது அபாரம். அதை நிஜத்திலும் எட்டலாம், ஓட்டுகிற விதம் ஒத்துழைத்தால்.

நெரிசலில்தான் இதன் அருமை தெரியும். 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் அடிக்கடி அணைந்து மோட்டார் மட்டும் இழுக்கும். சிக்னலுக்கு முன்பே காலை எடுத்து, பிரேக்கை மெல்ல நீளமாக அழுத்துங்கள். வேகம் மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். கடைசி நொடியில் அழுத்தினால் பிரேக் பேட் சூடாவதுதான் மிச்சம்.

நெடுஞ்சாலையில் கதையே வேறு. 100-லிருந்து 120-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடும், மைலேஜ் சட்டென்று இறங்கும். மூன்று, நான்கு கி.மீ. குட்டிப் பயணங்களும் அப்படியே. எஞ்சின் சூடேறவே பெட்ரோல் போய்விடும்.

டேஷ்போர்டு எண்ணை நம்பாதீர்கள். டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை அதே பம்பில் முதல் கட்-ஆஃப் வரை, அதாவது பம்ப் தானாக முதல் முறை நிற்கும் வரை நிரப்புங்கள். 640 கி.மீ.க்கு 37 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 17.3 கி.மீ. இப்படி மூன்று டேங்க் சராசரி பாருங்கள்.

பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையைப் பையோ துணியோ மறைக்கக் கூடாது.