ராக்கையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: மட்டக்களப்பு நகரின் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்

கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டின் மட்டக்களப்பு நகரக் கிளை இது. ஏசி உண்டு, வாகனம் விட இடம் உண்டு, பிள்ளைகளின் பால்மாவும் பம்பர்ஸும் எந்த நேரம் போனாலும் கிடைக்கும். சாமான்களின் தரத்தில் பெரிதாகக் குறை இல்லை. குறையெல்லாம் காசு கட்டும் இடத்தில்தான்.

முதற்குறை விலைக் குழப்பம். ராக்கையில் ஒட்டிய சீட்டில் ஒரு விலை இருக்கும், கவுண்டரில் ஸ்கேன் பண்ணினால் வேறு விலை விழும். உடனே சனம் காசாளர் பிள்ளையோடு சண்டைக்குப் போகிறது. அந்தப் பிள்ளையால் ஒரு ரூபாகூட மாற்ற முடியாது. விலை மாற்றம் தலைமையகத்திலிருந்து கிளையின் கணினிக்கு இரவிலேயே வந்துவிடும். புதிய சீட்டை அச்சடிப்பதும், பழையதை இழுத்தெடுத்துப் புதியதைச் செருகுவதும் கிளையில் உள்ளவர்கள் கையால் செய்கிற வேலை. காலையில் ஆட்கள் குறைவு. இருப்பவர்களும் லொறியில் வந்த சாமானை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரு சலுகை முடிந்த மறுநாள் காலையில்தான் பிழை அதிகம். சலுகைச் சீட்டின் கீழ் மூலையில் முடிவுத் திகதி பொடி எழுத்தில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சீட்டில் பார்கோட் இலக்கம் இருந்தால் அதன் கடைசி நான்கு இலக்கங்களையும் பக்கெட்டில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 400 கிராம் பால்மாவின் சீட்டுக்கு மேலே வேறு கம்பனியின் 400 கிராம் பக்கெட்டை அடுக்கியிருப்பார்கள். விலை வித்தியாசம் அங்கேதான் தொடங்கும். சந்தேகம் என்றால் சீட்டும் சாமானும் ஒன்றாகத் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கவுண்டரில் வாக்குவாதம் வந்தால் ஒருவரை ராக்கைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். பின்னால் வரிசை நீளும், நமக்கும் கூச்சமாகிவிடும். படம் இருந்தால் அந்த இழுபறி இல்லை.

எந்தக் கட்டத்தில் பிழையைக் கண்டீர்கள் என்பது முக்கியம். காசு கட்ட முன்னம் கண்டால் மேற்பார்வையாளர் வந்து தன் இரகசிய இலக்கத்தை அடித்து அந்த ஒரு வரியை நீக்கிவிடுவார். காசு கட்டிய பிறகு என்றால் படிவம், அடையாள அட்டை இலக்கம், முகாமையாளரின் கையெழுத்து என்று நீளும். முகாமையாளர் சாப்பாட்டுக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே ரத்துச் செய்யச் சொல்லுங்கள். நாள் முடிவில் இயந்திரத்தின் கணக்கை மூடிவிட்டால் பிறகு அது வங்கி வழியாகத்தான் திரும்பி வரும், நாட்கள் எடுக்கும். ஆகவே ஸ்கேன் பண்ணும்போதே திரையைப் பார்க்க வேண்டும். ஆனால் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டிய சின்னத் திரை இந்தக் கிளையில் இரண்டு கவுண்டர்களில் வேலை செய்யவில்லை. இது சின்ன விஷயமல்ல.

பில்லைப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்றால் அது முழுக்க ஆங்கிலம். அதுவும் பாதியில் வெட்டுப்பட்ட பெயர்கள். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு அம்மா பதினைந்து சாமான் வாங்கினால் எது எந்த வரி என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? தமிழில் பேசி, தமிழில் விளம்பரம் ஒட்டி வியாபாரம் செய்கிற கடை பில்லையும் தமிழில் தர வேண்டும். கேட்டால் 'சிஸ்டம் அப்படி' என்பது பதிலாகாது.

பக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்ச விலை உண்டு: 500 மில்லிலீற்றர் 70 ரூபா, 1 லீற்றர் 100 ரூபா, 1.5 லீற்றர் 130 ரூபா. குளிராக்கிய போத்தல் என்று கூட்டி வாங்க முடியாது. உச்ச விலையை மீறும் கம்பனிக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 5 இலட்சம் ரூபா தண்டம். கவுண்டரில் தரும் பொலித்தீன் பைக்கும் 2025 நவம்பர் 1 முதல் காசு. அது பில்லில் தனி வரியாக வர வேண்டும். கேட்காமலே இரண்டு பை போட்டு அடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து பை கொண்டு போனால் அதை முதலிலேயே காட்டிவிடுங்கள்.

மரக்கறிப் பக்கம் வேறு விதமான பிழை. நிறுத்து ஒட்டும் ஸ்டிக்கரில் 2 என்று தொடங்கும் 13 இலக்கங்கள் இருக்கும். அதற்குள் சாமானின் குறியீடும், எடையோ விலையோ அடங்கியிருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. தராசில் நிற்பவர் போஞ்சிக்குப் பதிலாகப் பக்கத்துப் பட்டனை அழுத்தினால் அந்தப் பிழை அப்படியே பார்கோட்டுக்குள் போய்விடும். கவுண்டரில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஸ்டிக்கரில் பெயர், கிலோ விலை, எடை மூன்றையும் தராசடியிலேயே வாசியுங்கள். இறைச்சியை ஒரு தட்டில் வைத்து நிறுத்தால், வெறுந்தட்டை வைக்கும்போது தராசு பூச்சியம் காட்டியதா என்று கவனியுங்கள்.

மீனுக்கு இந்தக் கடைக்குப் போகவே தேவையில்லை. வாவியும் கடலும் பக்கத்தில் இருக்க, ஐஸில் கிடந்த பாரையை ஏன் வாங்க வேண்டும்? வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒன்றைக் கேளுங்கள்: விலை, மீனை வெட்ட முன்னம் உள்ள எடைக்கா, வெட்டித் துப்புரவாக்கிய எடைக்கா? முழு மீனின் எடைக்குத்தான் காசு எடுக்கிறார்கள். தலையும் குடலும் போக வீட்டுக்கு வருவது நன்றாகக் குறைந்திருக்கும்.

உறைந்த சாமானில் கரண்ட் நின்று வந்ததன் அடையாளத்தைத் தேட வேண்டும். பட்டாணிப் பக்கெட்டைக் குலுக்கினால் மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் அது ஒருமுறை இளகி மறுபடி உறைந்தது. கோழிப் பக்கெட்டுக்குள் சிவந்த தண்ணீர் உறைந்து கிடந்தாலும் அப்படித்தான். ஐஸ்கிரீம் மூடியைத் திறந்ததும் மேலே பனித்தூள் படிந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஆனால் உறைந்த சாமானையும் பாலுணவையும் வாசலைத் தாண்டிய பிறகு இங்கே மாற்றித் தருவதில்லை. அவதானிப்பு முழுவதும் உள்ளேயே முடிய வேண்டும்.

மாதம் 25க்குப் பிறகு, அரச சம்பளம் விழுந்த பின்னேரங்களில், ஆறு கவுண்டரில் இரண்டுதான் திறந்திருக்கும். மற்றப் பிள்ளைகள் ராக்கை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். வங்கிக் கார்டுச் சலுகை நாட்களில் இது இன்னும் மோசம். அந்தச் சலுகைக்கு என்ன கார்டு என்பதைப் பில் மூட முன்னம் சொல்ல வேண்டும். மூடிய பிறகு கழிவு ஏறாது. பில் தொகைக்கு ஒரு குறைந்த எல்லையும், கழிவுக்கு ஒரு கூடிய எல்லையும் வைத்திருப்பார்கள், அது சுவரொட்டியின் அடியில் இருக்கும். மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி தந்தால் வாங்காதீர்கள். இரண்டு ரூபா என்றாலும் அது உங்கள் காசு.

முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் கிளையோடு மல்லுக்கட்டி நேரத்தை விட வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம், மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களின் அலுவலகத்தில் எழுத்திலும் கொடுக்கலாம். அந்தச் சபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தைத் தடுக்கிறது. கேட்டால் பில் தர வேண்டியதும் அதில் உண்டு. சாமானின் தரம் பற்றிய முறைப்பாடு என்றால் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பில்லின் பிரதியை எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து பேர்ஸுக்குள் கிடந்தால் சில வாரங்களில் மங்கிவிடும்.

கிளை செய்ய வேண்டியதும் கடினமானதல்ல. கடை திறக்க முன்னம் இருவர் கையடக்க ஸ்கேனரோடு சலுகைச் சீட்டுள்ள ராக்கைகளை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்தால் பாதிச் சண்டை நின்றுவிடும். அரிசிப் பக்கம் தூணில் ஒரு விலை பார்க்கும் இயந்திரம் மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கரண்ட் கொடுங்கள்.