ஹெலிகாயில் என்று சொல்லிப் பசை தடவி அனுப்பிய பட்டறை: 18,500 ரூபாய் காலி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.

கொடுத்த காசு 18,500 ரூபாய். வேலை இதுதான்: இன்ஜினின் அலுமினிய ஹெட்டில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பு) பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைத் தண்டு) உட்காரும் நான்கு துளைகளில் மரை போயிருந்தது, அதற்கு ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள், போட்டுத் தர வேண்டும். கிடைத்ததோ இரண்டு துளையில் ஆட்டம் காணும் காயில், மற்ற இரண்டில் காயிலே கிடையாது, வெறும் பசை. பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் போகிற இடத்துக்குப் போகும். புதுச்சேரி எல்லைக்குள், 'ஆஃப்ரோடு ஸ்பெஷலிஸ்ட்' என்று போர்டு வைத்து, உயரம் ஏற்றிய ஜீப் இரண்டை எப்போதும் வாசலில் நிறுத்தி, வாரம் தவறாமல் ரீல்ஸ் போடும் வகை. என்னென்ன பார்த்து வண்டியை விட வேண்டும் என்று கடைசியில் முழுசாக எழுதுகிறேன். முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

கடலோர வண்டிகளில் இந்த மரை போவது சகஜம். உப்புக் காற்றில் ஸ்டட்டும் நட்டும் துருவேறிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சூடுபடுத்தாமல், ஊற வைக்காமல் இம்பாக்ட் கன்னை வைத்தால் நட்டோடு ஸ்டட்டும் சுற்றும், ஸ்டட்டோடு அலுமினிய மரையும் வழித்துக்கொண்டு வரும். இல்லாவிட்டால் ஸ்டட் உள்ளேயே உடையும், அதை ட்ரில் போட்டு எடுக்கும்போது துளை கெடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. சரியாகப் போட்ட ஹெலிகாயில் பழைய அலுமினிய மரையை விட உறுதி. அதனால்தான் அந்த வேலைக்குக் காசு கொடுக்கிறோம்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் பானட் மேல் ஒரு சுத்தமான மஞ்சள் துணியை விரித்தார். கிட்டைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கினார்: தண்டில் 8.3 என்று பொறித்த ட்ரில் பிட், காயிலுக்கென்றே வரும் டேப் (மரை வெட்டும் கருவி), காயிலை இறக்கும் டூல், நுனி உடைக்கும் பஞ்ச், பத்துப் பன்னிரண்டு காயில். ஒரு காயிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "ஸ்டெயின்லெஸ் சார், தொட்டுப் பாருங்க. இனி ஸ்டட் உடைஞ்சாலும் உடையும், மரை போகாது" என்றார். ஹெட்டைக் கழற்ற வேண்டாம், வண்டியிலேயே முடித்துவிடலாம் என்றும் சொன்னார். எம்8, பிட்ச் 1.25 (8 மி.மீ. ஸ்டட், மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி) காயில் போடும் துளைக்கு 8.3 பிட்தான் சரி. விவரம் தெரிந்தவனையும் மடக்குகிற இடம் இது, ஏனென்றால் காட்டிய கிட் சரியான கிட். டேப்பின் பற்களில் பாக்கிங் எண்ணெய்கூட அப்படியே பளபளத்தது. அது ஒரு தடவைகூட உலோகத்தைத் தொட்டதில்லை என்பதற்கும் அதே எண்ணெய்தான் சாட்சி. 10,000 முன்பணம், வண்டி எடுக்கும்போது 8,500. ஆக 18,500.

வேலை எப்படி நடந்திருக்க வேண்டும் என்று சொன்னால்தான் நடந்த அயோக்கியத்தனம் புரியும். முதலில் துளைக்கு நேராக ட்ரில் கைடு வைக்க வேண்டும். கையால் பிடித்து ஓட்டினால் பிட் ஒரு பக்கம் சாயும், ஸ்டட் கோணலாக நிற்கும், மேனிஃபோல்ட் துளைக்குள் நுழையாது. ஆழத்துக்கு பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி அடையாளம் வைக்க வேண்டும். சில ஹெட்களில் துளைக்குப் பின்னாலேயே தண்ணீர் ஜாக்கெட் இருக்கும், இரண்டு மி.மீ. கூடப் போனால் கூலன்ட் ஒழுகும். 8.3-ல் துளையிட்ட பிறகு காயில் டேப். இதன் வெளி விட்டம் சுமார் 9.6 மி.மீ., சாதாரண எம்8 டேப் இங்கே உதவாது, எம்10-ம் உதவாது. மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பிசிறை உடைத்து உடைத்து இறக்க வேண்டும். பிறகு பிரேக் கிளீனர் அடித்துக் காற்றில் ஊத வேண்டும். அலுமினியத் துகள் மிச்சமிருந்தால் காயில் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

காயிலின் நீளம் ஸ்டட் விட்டத்தில் ஒன்றரை மடங்காவது வேண்டும், எம்8-க்கு 12 மி.மீ. துளையில் ஆழம் இருந்தால் 16 போடுவது இன்னும் நல்லது. முகப்புக்குக் கீழே கால் முதல் அரைச் சுற்று உள்வாங்கி நிற்க வேண்டும். அதன் பிறகு அடியில் இருக்கும் குறுக்கு நுனியை பஞ்ச் வைத்து உடைத்து வெளியே எடுக்க வேண்டும். இதில் எங்கேயும் பசைக்கு வேலை இல்லை. காயிலின் சுற்று, வெட்டிய மரையை விடச் சற்றுப் பெரியது. சுருங்கி உள்ளே போய், விரிய முயன்று தானாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும். காயிலுக்கு யாராவது பசை எடுத்தால் துளையைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வண்டி திரும்பி வந்த கொஞ்ச நாளில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம். சூடேறினால் குறையும். மேனிஃபோல்ட் கேஸ்கட் ஓரத்தில் மை தீட்டியது போல் ஒரு கறுப்புக் கோடு. புகை அங்கேதான் தப்புகிறது. கேபினுக்குள் அந்தப் புகை வாடை வந்தால் விளையாட்டில்லை, அதோடு வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். முதுநகரில் ஒரு லேத்தில் கழற்றியபோது பின்பக்க நட்டுக்கு ஸ்பானரே தேவைப்படவில்லை. ஸ்டட்டைக் கையால் இழுத்தால் காயில் அப்படியே நீண்டுகொண்டு வெளியே வந்தது. நுனி உடைக்கவே இல்லை. துளையை வெர்னியரில் அளந்தால் 9 மி.மீ. 8.3 பிட் துணி மேல் காட்சிக்கு, உள்ளே ஓட்டியது 9. மரையின் உயரத்தில் பாதிகூட மிச்சமில்லை, காயில் எதைப் பிடித்து நிற்கும்? அடுத்த இரண்டு துளையில் சாம்பல் நிறப் பசை, இரண்டு டியூப்பைப் பிசைந்து தடவுவோமே, அதே ரகம். சாதாரண எபாக்ஸி 100 டிகிரிக்குக் கீழேயே இளக ஆரம்பிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு பல நூறு டிகிரி. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் வரைக்கும் தாங்கினால் போதும் என்று செய்த வேலை இது. 18,500 ரூபாய்க்கு.

போன் போட்டால் முதல் பதில், "கடலூர் வண்டின்னா உப்புக் காத்து சார், அப்படித்தான் இருக்கும்." பசைக்கும் உப்புக் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து, "நான் ஊர்ல இல்ல, பசங்க பண்ணது, கேட்டுட்டு சொல்றேன்." கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மூன்றாவது, "மண்ணுல ஓட்டியிருக்கீங்க, ஆஃப்ரோடு ஓட்டுனா கேரன்டி கிடையாது." போர்டிலேயே ஆஃப்ரோடு என்று எழுதி வைத்திருக்கும் பட்டறை சொல்கிற பதில் இது! போட்டோ அனுப்பியதும் நீல டிக் விழுந்தது. பிறகு, "வெளிய கழட்டிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல." கடைசியாக, "நீங்க தமிழ்நாடு, நாங்க பாண்டி, எங்க வேணா போய்க்குங்க." பில் கேட்டதற்கு வெள்ளைத் துண்டில் 'ஹெட் ஒர்க் 18,500' என்று ஒரே வரி. ஜிஎஸ்டி எண் இல்லை, எத்தனை காயில் என்ற கணக்கு இல்லை.

அந்தப் பாண்டி வசனத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடலூரில் இருப்பவர் கடலூரிலேயே கொடுக்கலாம், பாலம் தாண்டி அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தாலும் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள்.

கெட்ட துளைகளை இப்போது காப்பாற்ற ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று. 9 மி.மீ. ஆன துளையில் மறுபடி காயில் நிற்காது. மில்லிங் மெஷினில் ஹெட்டைப் படுக்க வைத்து 10.5-ல் துளை, எம்12 பிட்ச் 1.5 டேப், அதற்குள் எம்8 மரை வெட்டிய இரும்பு புஷ், விளிம்பில் பஞ்ச் வைத்து ஒரு பூட்டுத் தட்டு. பசை தடவிய இரண்டு துளை மட்டும் பிழைத்தது. அங்கே யாரும் ட்ரில்லே ஓட்டாததால் சுத்தம் செய்து 8.3 போட்டு முறையாகக் காயில் இறக்க முடிந்தது. சோம்பேறித்தனமும் சில நேரம் நல்லது செய்கிறது! ஹெட் கேஸ்கட், கூலன்ட், லேத் கூலி எல்லாம் அந்த 18,500-க்கு மேல் தனி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், எழுதுகிற பொறுமை இப்போது இல்லை. அவசரத்துக்கு இது: ட்ரில் ஓட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், 'வெயிட்டிங் ரூம்ல ஏசி இருக்கு சார்' என்றால் நகராதீர்கள். காயில் இறக்கிய பிறகு, ஸ்டட் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். உடைத்த நுனிகளைக் கையில் வாங்கி எண்ணுங்கள், நான்கு காயிலுக்கு நான்கு நுனி. ஸ்டட் மரைக்கு ஆன்ட்டி சீஸ் (மரை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் மசகு) தடவச் சொல்லுங்கள். எம்8 மேனிஃபோல்ட் நட்டுக்கு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் வரும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருப்பதே முடிவு, டார்க் ரென்ச் இல்லாத பட்டறை என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். பில்லில் துளை எண்ணிக்கை, காயில் அளவு, கேரன்டி மூன்றும் இல்லாமல் முன்பணம் வேண்டாம். மேஜையில் இரட்டை டியூப் பசை கண்ணில் பட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.