‘வயர்லெஸ்’ ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் இந்த எஸ்டிமேட் சீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்

கும்பகோணத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. பாபநாசம் பக்கத்திலிருந்து வந்து ப்ரொஜெக்டர் வாங்கிய ஒரு குடும்பத்துக்கு அங்கே கொடுத்த சீட்டில் மேலே ‘எஸ்டிமேட்’ என்று மட்டும் இருக்கிறது. கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. கீழே நான்கு வரி:

4கே ப்ரொஜெக்டர் 9000 லுமென்ஸ் – 16,500
வயர்லெஸ் டாங்கிள் 4கே – 2,800
மிரரிங் ஆக்டிவேஷன் – 1,500
ஃபிட்டிங் – 1,000

ஆக 21,800 ரூபாய். பெண்ணின் கல்யாண வீடியோவை லேப்டாப்பிலிருந்து கூடத்துச் சுவரில் போட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். “வயரே வேணாம் சார், லேப்டாப்பத் தொறந்தா செவுத்துல படம்” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கடையில் படம் அருமையாக ஓடியது. வீட்டில் பத்து நொடி ஓடும், நிற்கும், டாங்கிள் (படத்தைக் காற்று வழியே வாங்கி ப்ரொஜெக்டருக்குக் கொடுக்கும் சிறு கருவி) அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கடையில் ஓடியது ப்ரொஜெக்டரின் பின்னால் செருகியிருந்த பென் டிரைவிலிருந்து. அந்த டெமோவில் லேப்டாப்புக்கு வேலையே இல்லை. ஏமாற்று ஆரம்பிக்கும் இடம் இதுதான். பென் டிரைவில் ஓடுவதும் லேப்டாப்பிலிருந்து காற்று வழியே வந்து ஓடுவதும் வேறு வேறு விஷயம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் மிரரிங்குக்கு, அதாவது லேப்டாப் திரையை அப்படியே சுவரில் காட்டுவதற்கு, வாங்கிய அந்த 1,500 ரூபாயை எடுத்துக்கொள்வோம், நான்கு வரியிலும் பச்சைத் திருட்டு அதுதான். லேப்டாப் திரையை வயரில்லாமல் அனுப்பும் மிராகாஸ்ட் வசதி 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதலே உள்ளுக்குள் இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் திறக்கும். ப்ரொஜெக்டர் பெயரோ டாங்கிள் பெயரோ அதில் வந்தால் தட்ட வேண்டியதுதான். லைசென்ஸ் கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது, வருடச் சந்தா கிடையாது.

அப்படியானால் ஃபிட்டிங்குக்கு வந்த பையன் லேப்டாப்பில் இருபது நிமிடம் என்ன செய்தார்? செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குப் போய் ‘வயர்லெஸ் டிஸ்ப்ளே’ என்பதை இறக்கிப் போட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகத் தருகிறது. போதாததற்கு, அது படம் அனுப்புவதற்கானதே இல்லை. வேறொரு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ இந்த லேப்டாப்புக்குப் படம் வாங்குவதற்கானது. வாய்க்காலில் தண்ணீர் விடச் சொன்னால் வடிகாலைத் திறந்துவிட்டுக் கூலி கேட்ட கதை.

உங்கள் லேப்டாப்பால் அனுப்ப முடியுமா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்தை அடித்து என்டர் தட்டுங்கள். ‘சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்’ கொடுத்தால் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடைக்கும். அதில் மிராகாஸ்ட் என்ற வரியில் ‘அவைலபிள்’ என்றிருந்தால் சரி. இல்லையென்றால் கிராபிக்ஸ், வைஃபை இரண்டையும் இயக்கும் டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் எந்த டாங்கிளை வாங்கினாலும் இந்த வழியில் படம் போகாது. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் வி.பி.என். என்ற பாதுகாப்பு இணைப்போ கம்பெனிக் கட்டுப்பாடோ இதைத் தடுத்துவிடுவதும் உண்டு. மேக்கில் மிராகாஸ்ட் கிடையவே கிடையாது, ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளேயில் வரும் படத்தை ஏற்கும் கருவி வேண்டும்.

அடுத்தது டாங்கிள். பத்து நொடியில் அணைந்ததற்குக் காரணம் எளிது. அதற்கு மின்சாரம் ப்ரொஜெக்டரின் யு.எஸ்.பி. துளையிலிருந்து கொடுத்திருந்தார்கள். சாதாரண யு.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். சும்மா இருக்கும்போது டாங்கிளுக்கு அது போதும். படம் வரத் தொடங்கியதும் சிப்புக்கு வேலை கூடி அதிகம் இழுக்கும், வோல்ட் சரியும், டாங்கிள் தானே அணைந்து எழும். வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜர், 5 வோல்ட் 1 ஆம்பியருக்குக் குறையாதது, அதில் செருகினாலே இந்தக் கோளாறு நின்றுவிடும். ஃபிட்டிங்குக்கு 1,000 ரூபாய் வாங்கியவர் செய்திருக்க வேண்டிய ஒரே வேலை இது.

அணைவது நின்றாலும் திக்கல் நிற்காது. முழு எச்.டி. படம் ஒன்றைச் சுருக்காமல் அனுப்ப வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 3 ஜிகாபிட் வேண்டும் (1920 × 1080 புள்ளி, புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப்படம்). சாதாரண வீட்டு வைஃபையில் அவ்வளவு போகாது. அதனால் லேப்டாப் ஒவ்வொரு ஃபிரேமையும் அப்போதைக்கப்போது சுருக்கித்தான் அனுப்புகிறது. கல்யாண வீடியோக்காரர் கொடுத்தது 4கே ஃபைல். மூன்று மணி நேரம், 30 ஜி.பி. பழைய லேப்டாப் ஒரு கையால் அதை விரித்து, மறு கையால் மறுபடி சுருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சி.பி.யு. நூறு சதவீதத்தில் நிற்கும். அப்போது திக்குவதற்கு வைஃபை காரணமில்லை.

வைஃபை காரணமாக இருப்பதும் உண்டு. இந்த மலிவு டாங்கிள்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளவை, ஒரே ஆன்டெனா. இணைப்பு வேகம் நொடிக்கு 72 மெகாபிட் என்று காட்டும். கைக்கு வருவது அதில் பாதி. இரண்டு சுவரைத் தாண்டினால் அதுவும் இல்லை. பெரும்பாலான லேப்டாப்பில் வைஃபை ரேடியோ ஒன்றுதான். ரவுட்டர் ஒரு சேனலிலும் டாங்கிள் இன்னொரு சேனலிலும் இருந்தால் அது இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலும் சுவரில் ஒரு திக்கல். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படத்துக்கு இன்டர்நெட் எதற்கு? ரவுட்டர் இணைப்பைத் துண்டித்துவிட்டு டாங்கிளோடு மட்டும் பேசவிடுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். கேபிள்காரர் வயரை வாசலோடு நிறுத்திவிடுவார், ரவுட்டர் ரேழியில் ஆணியில் தொங்கும். கூடம் உள்ளே, நடுவில் ஒன்றரையடிச் செங்கல் சுவர். ரவுட்டர் வழியாகப் படம் அனுப்பும் கருவியென்றால் லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து ப்ரொஜெக்டருக்கு ஒருமுறை, அதே காற்றில் அதே படம் இரண்டு தடவை போகிறது. லேப்டாப்பையோ ப்ரொஜெக்டரையோ லேன் வயரில் ரவுட்டரோடு கட்டிவிட்டால் ஒரு தடவை மிச்சம். ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இன்னும் நல்லது.

திரையை அனுப்பாமல் ஃபைலை மட்டும் அனுப்பும் வழியும் இருக்கிறது. வி.எல்.சி. என்ற இலவச வீடியோ பிளேயரில் 3.0 பதிப்பு (2018) முதல் ‘பிளேபேக்’ மெனுவில் ‘ரெண்டரர்’ என்று இருக்கும், டிவியிலோ ப்ரொஜெக்டரிலோ செருகும் குரோம்காஸ்ட் வகைக் கருவிகளுக்கு நேராக அனுப்பும். ஆனால் நம் 30 ஜி.பி. கல்யாணத்துக்கு நொடிக்கு 22 மெகாபிட் விடாமல் வர வேண்டும். 2.4இல், இரண்டு சுவருக்கு அப்பால், அது நடக்காது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரே அறைக்குள் நடக்கும்.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி செயலிகளை மிரரிங்கில் போட்டால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருப்பதும் கோளாறு இல்லை, பதிப்புரிமைப் பூட்டு. அதைத் திறக்க ‘அப்கிரேட்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி 16,500. இந்த மாதிரி மலிவு ப்ரொஜெக்டரில் ‘4கே’ என்றால் 4கே ஃபைலை ஏற்றுக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். சுவரில் விழுவது, படத்தை உருவாக்கும் அதன் பேனலில் எத்தனை புள்ளி உண்டோ அத்தனைதான். இந்த ப்ரொஜெக்டரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘நேட்டிவ் 1280 × 720’ என்று இருந்தது. 9000 லுமென்ஸ் என்பது அட்டைப்பெட்டி லுமென்ஸ். கேட்க வேண்டியது ஆன்சி லுமென்ஸ், அதாவது தர அளவுமுறைப்படி அளந்த வெளிச்சம். உண்மையிலேயே 9000 ஆன்சி தருவது மண்டபத்தில் மாட்டும் கனத்த மிஷின், பல நூறு வாட் இழுக்கும். இது கையில் தூக்கும் எடை, பின்னால் ஒட்டியிருந்தது 65 வாட்.

இதன் உள்பக்கம் மூடப்படாத வகை. ஃபேன் இழுக்கும் காற்று கண்ணாடியையும் பேனலையும் தொட்டுக்கொண்டு போகிறது. சம்பா நேரத்தில் வயலோரத்து வீட்டில் ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினால் விளக்குக்கு வரும் தத்துப்பூச்சி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மணப்பெண் நெற்றியில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக ஒரு நிழல். ‘பேனல் போச்சு, மாத்தணும்’ என்பார்கள். பெரும்பாலும் திறந்து ஊதினால் போய்விடும்.

வாங்கும் முன் கடையில் செய்ய வேண்டியது: உங்கள் லேப்டாப்பை, உங்கள் வீடியோவோடு எடுத்துக்கொண்டு போங்கள். பென் டிரைவைப் பிடுங்கச் சொல்லுங்கள். லேப்டாப்பைப் பத்தடி தள்ளி வைத்து, பதினைந்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். சூட்டில் வரும் கோளாறு முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. ஒரு எக்செல் தாளைத் திறந்து கட்டக் கோடுகளைச் சுவரில் பாருங்கள். சில கோடு தடித்தும் சில கோடு மெலிந்தும் விழுந்தால் புள்ளி எண்ணிக்கையில் பொய் இருக்கலாம். மில்லி செகண்ட் ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை லேப்டாப்பில் ஓடவிட்டு, லேப்டாப் திரையும் சுவரும் ஒன்றாக விழும்படி போனில் ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். சினிமா பார்க்க கால் நொடி வரை பாதகமில்லை, கேம் ஆட அது ஆகாது. லேப்டாப்பிலேயே புளூடூத் ஸ்பீக்கர் கட்டிச் சத்தம் முந்தினால் வி.எல்.சி.யில் கே எழுத்தைத் தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 50 மில்லி செகண்ட் சத்தம் பின்னுக்குப் போகும்.

இத்தனையும் எதற்கு என்பவர்களுக்கு, ஐந்து மீட்டரோ பத்து மீட்டரோ நல்ல எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்று போதும். 1080க்கு அது தாராளம். வீடு பார்க்க அழகாக இருக்காது, படம் நிற்காமல் ஓடும்.

கடையில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை தொங்கியிருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் அதே குற்றச்சாட்டுதான். அதனால் ‘எஸ்டிமேட்தானே இருக்கு’ என்று பயப்பட வேண்டாம். கடைக்குப் பணம் போன யு.பி.ஐ. பதிவு, அட்டைப்பெட்டியில் அச்சான ‘4கே’, கையேட்டின் கடைசிப் பக்கம், படம் நிற்பதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, இவை வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். அதில் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும். பொருளின் விலை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அந்த எஸ்டிமேட் சீட்டு தெர்மல் தாளில் அச்சானது. பர்ஸில் மடித்து வைத்திருந்ததில் ‘4கே’ என்ற இடம் ஏற்கெனவே பாதி வெளுத்துவிட்டது. உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.