அகராதி விளையாட்டுடன் ஆறு ஆண்டுகள்

அகராதியில் யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை எடுத்து, அதற்குப் பொய்ப் பொருள்களை எழுதி, அவற்றினிடையே மறைந்திருக்கும் மெய்ப்பொருளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நாங்கள் விடாமல் ஆடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய வாரம் ஒரு முறை, ஐந்து பேருக்குக் குறையாமலும் எட்டுப் பேருக்கு மிகாமலும் கூடுவோம். பதினான்கு வயதுப் பெண் முதல் எழுபதைத் தாண்டிய என் அத்தை வரை எல்லா வயதினரும் இதில் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வந்த சொல்லையும், அதன் பொருளையும், அதிக வாக்குப் பெற்ற பொய்யையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று குறிப்பேடுகள் நிறைந்துவிட்டன. இந்த அனுபவப் பகிர்வை அவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆடும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுக்கு ஒருவர் அகராதியை வைத்திருப்பார். அவர் ஒரு சொல்லை மட்டும் சொல்வார். மற்றவர்கள் அதற்குப் பொருத்தமாகத் தோன்றும் பொய்ப் பொருள் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் மெய்ப்பொருளையும் அதே போன்ற தாளில் எழுதி, எல்லாவற்றையும் கலைத்து, ஒவ்வொன்றாகப் படிப்பார். மெய்ப்பொருளுக்கு வாக்களித்தவருக்கு 2 புள்ளி. தாம் எழுதிய பொய்யில் பிறர் விழுந்தால் வாக்குக்கு 1 புள்ளி. யாருமே கண்டுபிடிக்காவிட்டால் அகராதியை வைத்திருந்தவருக்கு 3 புள்ளி. கடைகளில் இதையே பெட்டியிலிட்டு விற்கிறார்கள். அவற்றுள் பெயர்பெற்றது கனடாவில் 1984இல் வெளிவந்த பால்டர்டாஷ். பிபிசி தொலைக்காட்சியில் 1965லேயே இதே கருத்தில் அமைந்த போட்டி நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது. ஆனால் இதற்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. ஓர் அகராதியும் தாளும் பென்சிலும் போதும். பெட்டியில் வரும் அட்டைகள் ஆங்கிலச் சொற்களுக்கானவை என்பதால், தமிழில் ஆடுகிறவர்களுக்கு அகராதியே பெட்டி.

எந்த அகராதி என்பதில்தான் நாங்கள் முதல் ஓராண்டைத் தடுமாறிக் கழித்தோம். முதலில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டு ஆடினோம். பொருள் விளக்கத்தில் அதன் தெளிவுக்கு ஈடில்லை. ஆனால் அது இன்றைய வழக்கில் உள்ள சொற்களுக்கான அகராதி என்பதால், நிறையப் படிக்கிறவர்கள் கூடிய அவையில் பாதிச் சொற்கள் யாருக்காவது தெரிந்துவிடுகின்றன. அதில் குறியிட்டுத் தரப்பட்டுள்ள இலங்கை வழக்குச் சொற்கள் மட்டும் சில மாதங்களுக்கு நன்றாகக் கைகொடுத்தன. பிறகு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனுக்கு மாறினோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்தக் கடலில் இத்தனை ஆண்டுகள் அள்ளியும் கரையோரம்கூட வற்றவில்லை. இணையத்திலும் அது கிடைப்பதால், கனமான தொகுதிகளைத் தூக்கித் திரிய வேண்டியதில்லை.

அகராதி மாறியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. தமிழில் அரிய சொல் என்று தேடினால் முதலில் கையில் அகப்படுபவை விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் பழம்பெயர்கள்தாம். எண்கு என்றால் கரடி. குடிஞை என்றால் ஆந்தை. குறும்பூழ் என்றால் காடை. நிகண்டு மரபில் வளர்ந்த அகராதி என்பதால் பொருளும் ஒற்றைச் சொல்லாகவே நிற்கும். இத்தகைய சொற்களைத் தொடர்ந்து கொடுத்தால், எல்லோரும் ‘ஒரு பறவை’, ‘ஒருவகைப் புல்’ என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எழுதுவதில் கற்பனை இல்லை, தேர்வதில் பூவா தலையா போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் ஆட்டம் சலிப்புத் தட்டி ஏறக்குறைய நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்பது குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இரண்டு மாதங்களில் வந்த சொற்களில் பெரும்பாலானவை உயிரினப் பெயர்கள்.

எங்களை மீட்டது தொல்காப்பியத்தின் உரியியல். பொருள் எளிதில் விளங்காத சொற்களையே தேடியெடுத்துப் பொருள் சொல்லும் பகுதி அது. இந்த விளையாட்டுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கும். உயிரினத்தையோ பொருளையோ சுட்டாமல் உணர்வையும் அசைவையும் தன்மையையும் சுட்டும் சொற்கள் அங்கே நிறைந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றான ‘தெருமரல்’ வந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அகராதியை வைத்திருந்த அண்ணன் படித்த பொருள்களில் நான்கு இவை: தெருவின் இருபுறமும் நிழலுக்காக வளர்க்கப்படும் மரவரிசை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்பவர் எழுப்பும் குரல், மனச்சுழற்சி, உழும்போது கோணலாக விழும் சால். மரவரிசைக்கு யாரும் வாக்களிக்கவில்லை, ஏனெனில் சொல்லின் ஒலியை அப்படியே பிரித்துப் பொருள் சொல்வது பொய்யின் முதல் அடையாளம் என்பது அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. மூன்று பேர் கோணல் சாலுக்கு வாக்களித்தார்கள். மனச்சுழற்சி என்னும் மெய்ப்பொருளுக்கு ஒரே ஒரு வாக்கு. கோணல் சாலை எழுதியவர் அத்தை.

அத்தையின் பொய்கள் ஏன் இவ்வளவு நம்பும்படியாக இருக்கின்றன என்பதை நான் பல காலம் யோசித்திருக்கிறேன். அவர் ஒருபோதும் நீட்டி எழுதுவதில்லை. வியப்பூட்டும் செய்தி எதையும் உள்ளே வைப்பதில்லை. யாரும் ஒருமுறையாவது கண்ணால் கண்டும் பெயரிட்டு அழைக்காத ஒரு பொருளையோ செயலையோ எடுத்துக்கொள்வார்: கோணலாக விழுந்த சால், பானையின் அடியில் தேங்கி நிற்கும் கடைசி நீர், கதவு தேய்ந்து தரையில் விட்ட கீறல். கேட்டவுடன், ‘ஆமாம், இதற்கு ஒரு சொல் இருந்திருக்க வேண்டுமே’ என்று மனம் தானாகவே ஒத்துக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, புதிதாகச் சேர்கிறவர்கள் மன்னர்களையும் போர்க்களங்களையும் சடங்குகளையும் கொண்டுவந்து, பொருளை ஒரு சிறுகதை அளவுக்கு வளர்த்துவிடுகிறார்கள். அகராதி அப்படிப் பேசாது. அதன் நடை சிக்கனமானது. விளக்க வேண்டியதை விளக்கியதும் நின்றுவிடும். அந்த நடையைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

சொல்லின் வடிவமும் காட்டிக்கொடுக்கும். லெக்சிகனில் வினைகள் ‘தல்’ என்று முடியும் தொழிற்பெயராகத் தரப்பட்டிருக்கும். ‘துனைதல்’ என்ற சொல்லுக்குக் கருவியின் பெயரைப் பொருளாக எழுதினால் அந்தத் தாள் வாசிக்கப்படும்போதே செத்துவிடும். (அதன் மெய்ப்பொருள் விரைதல்.) ரகர, லகர எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால், தமிழ்ச்சொல் அவ்வெழுத்துகளில் தொடங்காது என்பதால், அது வேற்றுமொழியிலிருந்து வந்த சொல் என்று எல்லோரும் கணித்து, அதற்கேற்ற பொருளை எழுதுவார்கள். ஞகரத்தில் தொடங்கும் சொற்கள் மிகவும் பழமையானவையாக ஒலிப்பதால் அவற்றுக்கு நவீனப் பொருள் எழுத யாரும் துணிவதில்லை. இதில் ஒரே விதிவிலக்கு ‘ஞெகிழி’. இன்று பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று வழங்குவதால் எல்லோரும் குழைவு, வளைவு என்ற திசையிலேயே எழுதினார்கள். கொள்ளிக்கட்டை என்ற மெய்ப்பொருளை ஒருவரும் தொடவில்லை. அகராதிக்காரருக்கு 3 புள்ளி போன அரிய சுற்றுகளில் அதுவும் ஒன்று.

நான்காம் ஆண்டில் நாங்களாகச் சேர்த்துக்கொண்ட ஒரு சுற்றுதான் இப்போது எல்லோருக்கும் மிகப் பிடித்தமானது. ‘தெரிந்த சொல், தெரியாத பொருள்’ என்று அதற்குப் பெயர். நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்றைக் கொடுத்து, அகராதி அதற்குத் தரும் வேறொரு பொருளைக் கேட்பது. கள்வன் என்ற சொல்லுக்கு நண்டு என்றும் பொருள். ஐங்குறுநூற்றில் நண்டைப் பாடும் பத்துப் பாடல்களுக்குக் கள்வன் பத்து என்றே பெயர். வட்டி என்றால் கூடை. பாட்டி என்பது பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாலைக் குறிக்கும் என்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. அதைக் கேட்ட சிறுமி, ‘அத்தைப் பாட்டி, இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?’ என்று கேட்க, ‘தெரியும் கண்ணு, அதனால்தான் நான் வாக்களிக்கவில்லை’ என்றார் அத்தை. பொருள் தெரிந்தவர் தாமாகவே அந்தச் சுற்றிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. ஆறு ஆண்டுகளில் அந்த விதி மீறப்பட்டதாக எனக்குத் தோன்றியதில்லை. ‘ஊகம்’ என்ற சொல்லையும் இந்தச் சுற்றில்தான் கொடுத்தோம். அதற்குக் கருங்குரங்கு என்ற பொருளும் உண்டு என்பதை, ஊகிப்பதையே வேலையாகக் கொண்ட எட்டுப் பேரில் ஒருவரும் ஊகிக்கவில்லை.

படிப்பவரின் பங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் புதிதாக ஆடுகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அடுத்தவர் கையெழுத்தில் தடுக்கி நின்றால் அது பொய் என்பது வெளிப்பட்டுவிடும். மெய்ப்பொருளை மட்டும் தயங்காமல் படித்தாலும் அப்படியே. ஆகவே எல்லாத் தாள்களையும் மனத்துக்குள் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுப் படிக்கத் தொடங்க வேண்டும். லெக்சிகனின் வரிகளை அப்படியே எழுதிவிடவும் கூடாது. பிங்கலம், திவாகரம் முதலிய நிகண்டுகளைச் சுட்டும் சுருக்கக் குறிகள் அதில் நெருக்கமாக இருக்கும், அவற்றை நீக்கிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்தெழுத வேண்டும். காணொளி அழைப்பில் ஆடும் நாள்களில் பொய்களைத் தட்டச்சு செய்து தனிச்செய்தியாக அனுப்புவதால் கையெழுத்துச் சிக்கல் இல்லை, ஆனால் யார் எப்போது அனுப்பினார் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுவதும், கண்ணோடு கண் பார்க்க முடியாததும் எனக்குக் குறையாகவே படுகின்றன. நேரில் ஆடுவதற்கு அது மாற்றாகாது. இதற்கென்று வந்த ஒரு கைப்பேசிச் செயலியையும் மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தோம். சொற்கள் திரும்பத் திரும்ப வந்ததால் விட்டுவிட்டோம்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது வரும் வழக்கு தமிழில் அடிக்கடி நேரும். எகினம் என்ற சொல்லுக்கு அன்னம், நாய், கவரிமா, புளியமரம் என்று பொருள்கள் இருக்கின்றன. அகராதிக்காரர் அன்னம் என்று எழுதிவைத்திருக்க, ஆடுபவர் ஒருவர் பொய் என்று நினைத்து நாய் என எழுதிவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒருமுறை இதன்பொருட்டு ஆட்டமே பாதியில் நின்றது. அகராதியில் உள்ள எந்தப் பொருளை எழுதினாலும் அவருக்கு 3 புள்ளி என்றும், அந்தத் தாள் கலைப்பதற்கு முன்பே விலக்கப்படும் என்றும் அன்று முடிவு செய்தோம். அதன்பின் இந்தச் சச்சரவு எழவில்லை.

இந்த விளையாட்டின் பெரிய குறை, நினைவில் பொய் தங்கிவிடுவது. நன்றாக எழுதப்பட்ட பொய் மெய்யைவிட ஆழமாகப் பதிந்துவிடும். துன்பம், நோய் என்று பொருள்படும் ‘பையுள்’ என்ற சொல்லை, பைக்குள் தைக்கப்படும் உள்துணி என்றே எங்களில் ஒருவர் ஓராண்டுக் காலம் நினைத்திருந்தார். அகராதி தொகுப்பவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது: அடர்த்தி என்பதற்கான சுருக்கக் குறியை ‘D or d’ (D அல்லது d) என்று குறித்த ஒரு சீட்டு இடம் மாறியதால், 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் அகராதியில் ‘டோர்ட்’ என்ற இல்லாத சொல் ஏறிவிட்டது, 1939இல்தான் அது கவனிக்கப்பட்டது. வளரும் பிள்ளைகளும் எங்களோடு ஆடுவதால் இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

அதனால் இப்போது வாக்குகளை எண்ணி முடித்ததும் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடாமல், மெய்ப்பொருளை இரண்டு முறை படித்து, லெக்சிகன் காட்டும் மேற்கோள்களிலிருந்து ஒரு வரியையும் சேர்த்துப் படிக்கிறோம். சென்ற மாதம் ‘தகர்’ என்ற சொல் வந்தது. ஆட்டுக்கடா என்பது பொருள். ‘தகரத் துண்டுகளை ஒட்டும் பசை’ என்ற பொய்க்கு நான்கு வாக்குகள் விழுந்திருந்தன. வாக்கெடுப்பு முடிந்தபின் அண்ணன், ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்ற குறளை நிறுத்திப் படித்து, பாய்வதற்காகவே கடா பின்வாங்குவதை இரண்டு கைகளாலும் செய்துகாட்டினார். நேற்று அந்தச் சிறுமியிடம் தகர் என்றால் என்னவென்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் இரண்டடி பின்னுக்குப் போய்த் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.